ஃபோலி கதீட்டர்: லேட்டக்ஸ் வாங்கலாமா, முழு சிலிக்கான் வாங்கலாமா? பலூனைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சிறுநீர் இறங்க, நுனிப் பக்கம் பலூன் உள்ள ஃபோலி என்ற ட்யூப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டோடு மருந்துக் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: “என்ன நம்பர்?” பதினாறு என்றால் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். உள்ளே இருப்பது லேட்டக்ஸா சிலிக்கானா, பலூன் எத்தனை மில்லி, நுனி நேரா வளைவா என்ற பேச்சே எழாது. ஆனால் அரிதாக நேரும் பெரிய சிக்கல்கள் பலவும் இந்தக் கேட்காத விஷயங்களில்தான் தொடங்குகின்றன.

சிலிக்கான் பூசிய லேட்டக்ஸ் ஃபோலி, முழு சிலிக்கான் ஃபோலி, வளைந்த நுனி கதீட்டர், குழந்தைகளுக்கு ஃபோலிக்குப் பதிலாகப் போடப்படும் ஃபீடிங் ட்யூப் ஆகிய நான்கையும் இங்கே மதிப்பிடுகிறோம். கூடவே வாங்கும் ஜெல்லி, சிறுநீர் சேரும் யூரோ பேக், பிளாஸ்திரி பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வார்டில் வேலை செய்யும் நர்ஸுகளையும், வீட்டில் ட்யூபோடு இருக்கும் பெரியவரைக் கவனித்துக்கொள்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. ட்யூப் போடுவது பயிற்சி பெற்றவர் வேலை. ஆனால் தவறாகப் போய்விட்டதை முதலில் கவனிப்பவர் பல நேரம் பக்கத்தில் இருப்பவர்தான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆபரேஷனுக்காக இரண்டு மூன்று நாள் என்றால், லேட்டக்ஸ் அலர்ஜி இல்லாதவருக்கு, பூச்சுள்ள லேட்டக்ஸ் போதும். வாரக்கணக்கில் இருக்கப் போகிறது என்றால் முழு சிலிக்கான்தான். ஆனால் எதை வாங்கினாலும் ஆபத்து இருக்குமிடம், ட்யூப் நழுவாமல் இருக்கச் சிறுநீர்ப்பைக்குள் (இனி ‘பை’ என்போம்) விரிய வேண்டிய பலூன். ட்யூப் உள்ளே போவதால் வரும் காயத்தைவிட, தவறான இடத்தில் பலூன் விரிவதால் வரும் காயம் மோசமானது.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை

நம்பர் என்பது ட்யூபின் வெளிச் சுற்றளவைச் சார்ந்த பிரெஞ்ச் அளவு. அதை மூன்றால் வகுத்தால் வெளி விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 12 என்றால் 4 மி.மீ., 18 என்றால் 6 மி.மீ. பலூனுக்கு நீர் ஊற்றும் வெளிக் கிளையின் நிறமும் அதையே சொல்லும்: 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. பெரியவர்களுக்கு 14 அல்லது 16 சரியாக இருக்கும். ட்யூபைச் சுற்றிச் சிறுநீர் கசிகிறது என்று அடுத்த முறை பெரிய நம்பர் வாங்குவது பரவலான பழக்கம். பெரும்பாலும் அது பிழை. அந்தக் கசிவுக்குக் காரணம் பையின் சுருக்க வலியோ, மலச்சிக்கலோ, அடைப்போ ஆக இருக்கும். பெரிய ட்யூப் போட்டால் தாரையில் (சிறுநீர் வெளிவரும் குழாயில்) அழுத்தம் கூடும், கசிவு நிற்காது.

நம்பருக்குப் பக்கத்தில் பலூன் அளவு அச்சாகியிருக்கும். சாதாரண உபயோகத்துக்கு 5 முதல் 10 மில்லி வகை. 30 மில்லி பலூன் புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் நிற்க வைக்கப்படுவது. வீட்டு நோயாளிக்கு அது வேண்டவே வேண்டாம். பெரிய பலூன் பையின் அடியை உறுத்திக்கொண்டே இருக்கும், கனம் வேறு. நீளத்தையும் பாருங்கள்: சாதாரண ட்யூப் 40 செ.மீ. அளவு, பெண்களுக்கான குட்டை வகை 20 முதல் 26 செ.மீ. பெண்ணுக்கு நீள ட்யூப் போடலாம். ஆணுக்குக் குட்டை ட்யூப் போடவே கூடாது. தாரை மட்டுமே 20 செ.மீ. இருக்கும்போது, அந்தப் பலூன் பைக்குள் போய்ச் சேர வழியில்லை, புராஸ்டேட்டுக்குள்தான் விரியும்.

லேட்டக்ஸும் சிலிக்கானும்

லேட்டக்ஸ் மென்மையானது, வளைந்து கொடுக்கும், பலூன் சுருங்கினால் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும். விலையும் குறைவு. கூடாதது இரண்டு. ஒன்று, நாளாக ஆக உப்பு படிந்து உள் துவாரம் குறுகும். இரண்டு, அலர்ஜி. பிறவியில் முதுகெலும்பு மூடாத ஸ்பைனா பைஃபிடா குழந்தைகள், சிறு வயதிலிருந்து பல ஆபரேஷன் கண்டவர்கள், ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு வருபவர்கள், இவர்களுக்கு லேட்டக்ஸ் ட்யூப் அதிர்ச்சி நிலை வரை கொண்டுபோகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1991-லேயே மருத்துவப் பொருள்களில் உள்ள லேட்டக்ஸ் குறித்து எச்சரித்தது. மேலே சிலிக்கான் பூசியிருந்தாலும் உள்ளே இருப்பது லேட்டக்ஸ்தான்; பாக்கெட்டின் முகப்பில் “சிலிக்கான்” என்ற சொல் பெரிதாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முழு சிலிக்கான் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பார்த்தாலே தெரியும்: முழு சிலிக்கான் கண்ணாடி போல ஒளி விடும், லேட்டக்ஸ் மஞ்சள் கலந்த பழுப்பு, ஒளி ஊடுருவாது.

முழு சிலிக்கானின் சுவர் மெல்லியது. அதனால் அதே 16-ஆம் நம்பரில் உள் துவாரம் அகலம், கட்டியோ வண்டலோ எளிதில் அடைக்காது. உற்பத்தியாளர்கள் 12 வாரம் வரை வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் வைக்கலாம் என்பது உச்சவரம்பு. உப்பு படியும் நோயாளிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.

சிலிக்கானின் குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சற்று விறைப்பு. பலூனிலிருந்து நீர் மெல்ல மெல்லச் சுவர் வழியாகவே வெளியேறும். 10 மில்லி ஊற்றிய பலூனில் சில வாரம் கழித்துக் குறைவாகவே இருக்கும், ட்யூப் தானாக நழுவி வரலாம். எடுக்கும் நேரத்தில் இன்னொரு தொல்லை. சிரிஞ்சால் வேகமாக உறிஞ்சினால் பலூன் பழையபடி வழவழப்பாகப் படியாது. சட்டைக் கையை மடித்துவிட்டது போல ட்யூபைச் சுற்றி ஒரு வளையமாகச் சுருண்டு நிற்கும். அந்த விளிம்பு தாரையை உரசிக்கொண்டு வரும்போது வலியும் ரத்தமும் வரும், சில நேரம் சிக்கிக்கொள்ளும். தவிர்க்க வழி எளிது: பிஸ்டனை ஒருமுறை அசைத்து இலகுவாக்கிய சிரிஞ்சை வால்வில் பொருத்திவிட்டு விடுங்கள், நீர் தன் அழுத்தத்திலேயே வரட்டும். அரை நிமிடம் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். எல்லாம் வந்த பிறகும் இழுக்கும்போது பிடித்தால் அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை நீரைத் திரும்பச் செலுத்துங்கள். மடிப்பு விரிந்து சமமாகும்.

பலூனில் ஊற்ற வேண்டியது ஸ்டெரைல் வாட்டர். நார்மல் சலைன் கையில் இருக்கிறதே என்று அதை ஊற்றினால், உப்பு பலூனுக்கு நீர் போகும் மெல்லிய வாய்க்காலில் படிந்து பின்னால் பலூன் சுருங்காமல் போகக் காரணமாகலாம். காற்றை ஊதினால் பலூன் சிறுநீரில் மிதக்கும், ட்யூப் நுனி மேலே தூக்கிக்கொள்ளும், பை சரியாகக் காலியாகாது. எத்தனை மில்லி என்பதைப் பாக்கெட் சொல்கிறபடி ஊற்றுங்கள். குறைவாக ஊற்றினால் பலூன் ஒரு பக்கமாக வீங்கி நுனியைச் சாய்த்துவிடும்.

பலூன் விரியும் இடம்

எல்லா ஃபோலிக்கும் பொதுவான ஒரு அமைப்பை முதலில் மனதில் வாங்க வேண்டும். சிறுநீர் புகும் கண் நுனியில் இருக்கிறது. பலூன் அதற்குக் கீழே இருக்கிறது. ஆணுக்கு ட்யூப் போடும்போது கண் பையின் வாயைத் தொட்டவுடன் சிறுநீர் வந்துவிடும். அந்த நேரத்தில் பலூன் இன்னும் புராஸ்டேட்டுக்குள்ளே நிற்கிறது. “சிறுநீர் வந்தாச்சு” என்று அங்கேயே ஊதினால் தாரை கிழியும். ஆகவே ஆணுக்குச் சிறுநீர் வந்த பிறகும், கிளை பிரியும் இடம் ஆண்குறி நுனியைத் தொடும் வரை தள்ள வேண்டும். பிறகு ஊதி, மெல்ல இழுத்து, பையின் கழுத்தில் போய் நிற்பதை உணர வேண்டும். பெண்ணுக்குத் தாரை 4 செ.மீ. அளவுதான், சிறுநீர் வந்த பிறகு இன்னும் 5 செ.மீ. தள்ளினால் போதும். நீள ட்யூபைப் பெண்ணுக்குக் கிளை வரை தள்ளுவது வேறு வினையைக் கொண்டுவரும், அதைக் கீழே பார்க்கலாம்.

சிறுநீர் வரவில்லையா, ஊதாதீர்கள். ஜெல்லி கண்ணை அடைத்திருக்கலாம். அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பாருங்கள். வராவிட்டால் 20 முதல் 30 மில்லி சலைனை உள்ளே விட்டுத் திரும்ப உறிஞ்சுங்கள். விட்ட அளவு தடையில்லாமல் திரும்பினால் ட்யூப் பைக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே போய்த் திரும்பாவிட்டாலோ, போகவே தடுத்தாலோ நுனி வேறெங்கோ இருக்கிறது. எடுத்துவிட்டு யோசிக்க வேண்டும்.

பலூன் தாரைக்குள் விரிவதற்கு அடையாளங்கள் உண்டு. சிரிஞ்சின் பிஸ்டன் சட்டென்று கடினமாகும். நினைவோடு இருப்பவர் வலியால் துள்ளுவார். துவாரத்தில் ரத்தம் கசியும். ட்யூப் வழக்கத்தைவிட அதிக நீளம் வெளியே நிற்கும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் வலி தெரியாது என்பதால் மற்ற அடையாளங்களை நம்பித்தான் நடக்க வேண்டும். சந்தேகம் வந்த அந்த நொடியே பலூனைச் சுருக்குங்கள். அடுத்து ட்யூப் இன்னும் உள்ளே போகிறதா என்று மீண்டும் தள்ளிப் பார்ப்பது வேண்டாம். ரத்தம் வந்துவிட்டால் யூராலஜி டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் தாரைக்குள் டை (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) செலுத்திப் படம் எடுப்பார்கள், அல்லது ஸ்கோப் (உள்ளே பார்க்கும் கருவி) வழியாக வயர் போட்டு அதன் மேல் ட்யூபைச் செலுத்துவார்கள். அதுவும் முடியாவிட்டால் அடிவயிற்று வழியாகப் பையில் ட்யூப் போடப்படும். காயம் ஆறிய பிறகும் மாதங்கள் கழித்து அந்த இடம் சுருங்கி அடைப்பு வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்: சிறுநீர் மெல்லியதாக வந்தால், முக்க வேண்டியிருந்தால் உடனே வர வேண்டும் என்று.

வெளியே நிற்கும் நீளம் எதிர்த் திசையிலும் பேசும். ஊதிய பிறகு இழுத்தால் ட்யூப் சில செ.மீ. வந்து கழுத்தில் நிற்பதுதான் இயல்பு. வராமல் ஆழத்திலேயே பிடித்துக்கொண்டு, வெளியே வழக்கத்தைவிடக் குறைவான நீளமே நின்றால், பலூன் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் யூரேட்டருக்குள் புகுந்திருக்கிறதோ என்று நினைக்க வேண்டும். மிக அரிது. பெண்களிடமும், நரம்புக் கோளாறால் பை சுருங்கிப்போனவர்களிடமும், நெடுநாள் ட்யூபோடு இருப்பவர்களிடமும்தான் அதிகம் பதிவாகியிருக்கிறது. பை காலியாகச் சுருங்கியிருக்கும் நேரத்தில் நீள ட்யூபை முழுவதும் தள்ளினால் நுனிக்கு அந்த வழி கிடைத்துவிடுகிறது. ஊதும்போதோ சற்று நேரம் கழித்தோ விலாப் பக்கம் வலி, சிறுநீர் மிகக் குறைவு, அடிவயிறு நிரம்பியே இருப்பது, பிறகு காய்ச்சல் என்று வரும். அல்ட்ராசவுண்டில் பைக்குள் பலூன் தெரியாது, அந்தப் பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கும். சிடி உறுதி செய்யும். பலூனைச் சுருக்கி எடுத்த பிறகு யூரேட்டர் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் என்ற உள்குழாய் போடுவார்கள்.

பையே ஓட்டையாவது இதைவிடக் கவனத்துக்குத் தப்பும். புதிதாகப் போடும்போது நேர்வது குறைவு. பல மாதம் ட்யூப் நுனி ஒரே இடத்தில் உரசி, சுவர் மெலிந்தவரிடம் நேரும். கழுவுவதற்கு 50 மில்லி விட்டால் 20 தான் திரும்புகிறது, வயிறு உப்புகிறது, சிறுநீர் குறைகிறது. சிறுநீர் வயிற்றறைக்குள் கசிந்து உறிஞ்சப்படுவதால் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு ஏறும். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தவறாக எண்ணி ஒரு நாளைத் தொலைப்பார்கள். சாதாரண சிடி போதாது. பைக்குள் 300 முதல் 400 மில்லி நீர்த்த டையை ட்யூப் வழியாக நிரப்பி எடுக்கும் சிடி சிஸ்டோகிராம்தான் ஓட்டையைக் காட்டும். வயிற்றறைக்குள் திறந்திருந்தால் ஆபரேஷன். வெளியே திறந்திருந்தால் பெரும்பாலும் ட்யூபை வைத்து வடியவிட்டு ஆற வைப்பார்கள்.

வளைந்த நுனி யாருக்கு

புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கு 16-ஆம் நம்பர் போகவில்லை என்று 12-க்கு இறங்குவதை அடிக்கடி காண்கிறோம். மெல்லிய ட்யூப் புராஸ்டேட்டில் முட்டியதும் மடங்கிச் சுருளும், பின்சுவரில் குத்தி இல்லாத வழியை உண்டாக்கும். இங்கே தேவை 16 அல்லது 18-இல் வளைந்த நுனி. கடையில் டீமன் கதீட்டர் என்று கேட்டால் தருவார்கள். நுனி மேல்நோக்கி, படுத்திருப்பவரின் தொப்புளைப் பார்த்தபடி கடைசி வரை இருக்க வேண்டும். தள்ளும்போது ட்யூப் திரும்பிவிட்டால் பலனே இல்லை. அதனால் வெளிமுனையில் நுனியின் திசையைக் காட்டும் குறி உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்; குறி இல்லாததை எடுக்க வேண்டாம். 12 தேவைப்படுவது தாரை சுருங்கியவருக்கு. முன்பு ட்யூப் போட்டது, கோனோரியா, விபத்து, புராஸ்டேட் ஆபரேஷன் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் முயலக் கூடாது. ட்யூபுக்குள் விட்டுத் தள்ளும் உலோக வழிகாட்டிக் கம்பியை யூராலஜி பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. இடுப்பெலும்பு முறிந்த விபத்து நோயாளிக்குத் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால் முதல் முயற்சியே வேண்டாம். டை படம் எடுத்த பிறகுதான் எதுவும். பெண்ணுக்கு ட்யூப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, புதிய ட்யூபை மேலே உள்ள துவாரத்தில் செலுத்துவது நல்ல பழக்கம்.

குழந்தைகளுக்கு ஃபீடிங் ட்யூப் போடுவது பற்றி

சின்ன ஃபோலி கிடைக்காத இடங்களில் 5 அல்லது 6-ஆம் நம்பர் ஃபீடிங் ட்யூபைச் சிறுநீருக்குப் போடுகிறார்கள். மலிவு, எல்லாக் கடையிலும் உண்டு, பலூன் தொல்லை இல்லை. ஒருமுறை மாதிரி எடுக்க என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையிலேயே விட்டு வைக்க என்றால் எங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ட்யூப் மிக நெகிழ்வு, நீளமோ அரை மீட்டர் அளவு. உள்ளே எவ்வளவு போனது என்று கைக்குத் தெரியாது. தேவைக்கு மேல் போன நீளம் சின்னப் பைக்குள் வளையமாகச் சுருளும். பை காலியாகிச் சுருங்கும்போது நுனி வளையத்துக்குள் நுழையும். வெளியே இழுக்கும்போது அது முடிச்சாகிவிடும்.

அதனால் போடும்போது சிறுநீர் வந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. மட்டும் தள்ளி அங்கேயே பிளாஸ்திரி போட வேண்டும். வெளியே நிற்கும் நீளத்தை எழுதி வைக்க வேண்டும். எடுக்கும்போது பாதியில் பிடித்தால் பலம் கொடுக்கக் கூடாது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். எக்ஸ்ரே எடுத்தால் முடிச்சு தெரியும். மயக்கம் கொடுத்து மெல்ல எடுப்பது, உள்ளே வயர் செலுத்தி முடிச்சைத் தளர்த்துவது, ஸ்கோப், அடிவயிற்று வழி என்று படிப்படியாகப் போவார்கள். குழந்தைக்கு நாள் கணக்கில் ட்யூப் தேவை என்றால் 6 அல்லது 8-ஆம் நம்பர் சிலிக்கான் ஃபோலியைத் தேடி வாங்குங்கள். 8-இன் பலூன் 3 மில்லி அளவுதான். பெரியவர் பழக்கத்தில் 10 மில்லி ஊற்றிவிடக் கூடாது.

பலூன் சுருங்காவிட்டால்

ட்யூபை மாற்ற வந்தவர் சிரிஞ்சை இழுக்கிறார், ஒரு துளி வரவில்லை. பதற வேண்டிய நேரம் இல்லை, சிறுநீர் இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது. முதலில் சிரிஞ்ச் மாற்றிப் பாருங்கள். உறிஞ்சாமல் பொருத்தி விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பலமாக உறிஞ்சினால் வாய்க்காலின் சுவர்களே ஒட்டிக்கொள்ளும். ட்யூபைச் சற்று உள்ளே தள்ளித் திருப்புங்கள். மலம் கட்டியிருந்தால் அதுவும் அழுத்தும். பிறகு ஒன்று அல்லது இரண்டு மில்லி ஸ்டெரைல் வாட்டரை உள்ளே செலுத்தி உப்புத் துகளை நகர்த்தி, மெல்ல இழுங்கள்.

அடுத்த படி வால்வு கெட்டதா என்று பார்க்க அதன் கிளையை மட்டும் வெட்டுவது. டாக்டர் முன்னிலையில் செய்ய வேண்டியது. முழு ட்யூபையும் வெட்டிவிட்டால் மீதி உள்ளே இழுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு, ஆகவே கிளைக்கு மேலே கை வைக்கக் கூடாது. அதற்கும் அசையாவிட்டால் யூராலஜி டாக்டர் வாய்க்கால் வழியாக மெல்லிய வயர் விடுவார். கடைசியாக, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி அடிவயிற்று வழியாக மெல்லிய ஊசியால் பலூனைக் குத்துவார்.

இரண்டு பழைய வைத்தியங்கள் இன்னும் வாய்வழியாக உலவுகின்றன. ஒன்று, வெடிக்கும் வரை நீரை ஏற்றுவது. துண்டுகள் பைக்குள் தங்கி, நாளைக்கு அதைச் சுற்றிக் கல் வளரும். மற்றது, ஈதரோ எண்ணெயோ விட்டு லேட்டக்ஸைக் கரைப்பது. பையின் உள்தோல் வெந்துவிடும். இரண்டையும் செய்யாதீர்கள். எந்த வழியில் எடுத்தாலும் வெளியே வந்த பலூனை மேசையில் விரித்து, முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் ஸ்கோப் தேவை.

ஜெல்லி, பிளாஸ்திரி, யூரோ பேக்

லிக்னோகைன் 2 சதவீத ஜெல்லியை ட்யூபின் நுனியில் தடவினால் ஆணுக்குப் பயன் கொஞ்சம்தான். ஊசியில்லா சிரிஞ்சில் 10 மில்லி எடுத்துத் தாரைக்குள்ளேயே மெல்லச் செலுத்தி, நுனியை மூடிப் பிடித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை வலியைக் குறைக்கும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும். சில ஜெல்லிகளில் குளோர்ஹெக்ஸிடின் கலந்திருக்கும். அதற்கும் கடும் அலர்ஜி வரலாம் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் எச்சரித்திருக்கிறது. ட்யூப் போட்ட சில நிமிடத்தில் உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சிறைப்பு, ரத்த அழுத்தம் வீழ்ச்சி வந்தால் வலி மயக்கம் என்று ஒதுக்காமல் அலர்ஜி என்றே எடுத்து, பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போட வேண்டும்.

முதுகுத்தண்டு மார்புப் பகுதியின் ஆறாம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு ஜெல்லியைத் தவிர்க்கவே கூடாது. நிரம்பிய பையோ, மடங்கிய ட்யூபோ, ஜெல்லியில்லாமல் போட்ட ட்யூபோ அவருக்கு ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். தலை பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்ப்பது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் அவருடைய வழக்கத்தைவிட 20 முதல் 40 கூடுவது. வழக்கமாக 100 இருப்பவருக்கு 135 என்றால் அதுவே அபாயம். உடனே உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடைகளைத் தளர்த்துங்கள், ட்யூபில் மடிப்பு இருக்கிறதா பாருங்கள், அடைப்பு என்றால் 10 முதல் 15 மில்லி சலைன் விடுங்கள், இறங்காவிட்டால் ட்யூபை மாற்றுங்கள். 150-ஐத் தாண்டினால் டாக்டர் மருந்து கொடுத்துக் குறைப்பார்.

சிறுநீர் கட்டிக்கொண்டு வந்தவருக்கு ட்யூப் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் இறங்கினால் வேலை அதோடு முடியவில்லை. பாதியில் கிளாம்ப் போட்டு விட்டு விட்டு இறக்குவதில் பலன் நிரூபணமாகவில்லை, முழுவதும் இறக்கலாம். ஆனால் மணிக்கு மணி அளந்து எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் 200 மில்லிக்கு மேலோ, ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேலோ போனால் உப்பும் நீரும் வறண்டு ரத்த அழுத்தம் விழலாம். குடிக்கக் கூடியவர் தாகத்துக்குக் குடிக்கட்டும். டிரிப் என்றால் போனதில் பாதி அளவுதான் ஈடு செய்ய வேண்டும். முழுதும் ஈடு செய்தால் சிறுநீர் அடங்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

முன்தோலைப் பின்னால் தள்ளி ட்யூப் போட்டவர் அதை முன்னால் கொண்டுவர மறந்தால் சில மணி நேரத்தில் மொட்டு வீங்கி, தோல் இறுக்கும் வளையமாகிவிடும். ட்யூப் போட்டு முடித்ததும் கடைசி வேலை இது. வீங்கிவிட்டால் உள்ளங்கையால் ஐந்து பத்து நிமிடம் விடாமல் அழுத்தி வீக்கத்தை வடித்து, இரண்டு கட்டைவிரலால் மொட்டைத் தள்ளியபடி தோலை முன்னே கொண்டுவர வேண்டும். நிறம் கறுத்தாலோ, வராவிட்டாலோ டாக்டர் கையில் விடுங்கள்.

பிளாஸ்திரியைச் சில்லறை விஷயமாக எண்ணாதீர்கள். ட்யூப் கீழ்நோக்கி இழுபட்டுக்கொண்டே இருந்தால், படுக்கையில் இருக்கும் ஆணுக்கு ஆண்குறியின் அடிப்பக்கம் துவாரத்திலிருந்து பிளந்துகொண்டே போகும். உணர்வு இல்லாதவருக்கு இது சத்தமில்லாமல் நடக்கும். ஆணுக்கு அடிவயிற்றிலும் பெண்ணுக்குத் தொடையிலும், சற்றுத் தளர்வு விட்டு ஒட்டி, இடத்தைத் தினமும் மாற்றுங்கள்.

யூரோ பேக் வாங்கும்போது அடியில் திருகும் வால்வு உள்ளதா, சிறுநீர் திரும்பாத தடுப்பு உள்ளதா என்று இரண்டை மட்டும் பாருங்கள். யூரோ பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். ஒருநாள் காலை யூரோ பேக்கும் ட்யூபும் ஊதா நிறமாக இருந்தால் பயந்துவிடாதீர்கள். 1978-இல் முதலில் விவரிக்கப்பட்ட நிலை இது. மலச்சிக்கலால் குடலில் தேங்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் மாற்றம் அடைந்து சிறுநீருக்கு வருகிறது. அங்கே உள்ள கிருமிகள் அதை நீலமும் சிவப்புமான இரு சாயங்களாக்குகின்றன, பிவிசி பிளாஸ்டிக்கில் அவை நன்றாக ஏறுகின்றன. ட்யூபையும் யூரோ பேக்கையும் மாற்றி, மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள். காய்ச்சலோ, வயிற்று வலியோ, புதிதாகக் குழப்பமோ இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.